ராணுவ மெடிக்கலில் அன்ஃபிட் ஆகிவிட்டேன், இனி என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர் மைதானத்தில் காலையில் பயிற்சிக்கு வரும் பையன்களும் அவர்கள் வீட்டாரும் ஒவ்வொரு ஆள்சேர்ப்பு முகாம் முடிந்ததும் இதே கேள்விகளோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் தரைப்படை அக்னிவீர் தேர்வை, அதாவது நாலு வருஷப் பணிக்கு ஆள் எடுக்கும் தேர்வை, வைத்துச் சொல்வது இது. உங்கள் அறிவிக்கையில் வேறு விதமாக இருந்தால் அறிவிக்கையில் இருப்பதுதான் செல்லும்.

சார், ஓட்டத்துல முதல் குரூப்புல வந்தேன். பரீட்சையும் பாஸ். அப்புறம் எப்படி என்னை அன்ஃபிட்னு சொல்றாங்க?

2023 முதல் ஆன்லைன் தேர்வு முதலில், அதன்பிறகு உடல்தகுதி, கடைசியாக மெடிக்கல் என்று வைத்திருக்கிறார்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப், ஒன்பது அடி பள்ளம் எல்லாம் உங்களால் இன்றைக்கு என்ன முடியும் என்று பார்ப்பவை. மெடிக்கல் பார்ப்பது வேறு. முதுகில் மூட்டையோடு வருஷக்கணக்கில் நடந்தால் இந்த முட்டி தாங்குமா, மைனஸ் குளிரில் காவல் நின்றால் இந்தக் காது தாங்குமா என்பதுதான் அங்கே கேள்வி.

ராணுவத்தில் ஒருவரை ‘இந்த ஊருக்கு மட்டும்’ என்று எடுப்பதில்லை. சியாச்சினுக்கும் அனுப்பலாம், ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் அனுப்பலாம். எங்கே அனுப்பினாலும் தாங்கக்கூடிய உடம்பைத்தான் தேடுகிறார்கள். உள்ளே போனபிறகு உடம்பு கெட்டால் சிகிச்சையும் இழப்பீடும் அரசின் பொறுப்பு, அந்தக் கணக்கும் இதில் உண்டு. ஆகவே அன்ஃபிட் என்றால் ‘இந்த வேலைக்கு வேண்டாம்’ என்று மட்டும்தான் பொருள்.

கையில ஒரு சீட்டு கொடுத்தாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னே புரியல.

முதலில் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். கசக்கிப் போட்டுவிட்டு வருகிற பையன்கள் நிறைய. அழுகை வருகிற நேரத்தில் சீட்டைப் பத்திரப்படுத்தத் தோன்றாதுதான், ஆனால் இனி எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தற்காலிகமா நிரந்தரமா என்பது. இரண்டாவது, காரணம். டி.என்.எஸ். என்றால் மூக்குத் தண்டு வளைவு. நாக் நீ என்றால் நிற்கும்போது முட்டி தட்டுவது. பிளாட் ஃபுட், தட்டைப் பாதம். வேரிகோசீல் என்றால் விரைப்பையில் ரத்தக் குழாய் சுருண்டு புடைத்திருப்பது. கேரியிங் ஆங்கிள் என்றால் கையை நீட்டினால் முழங்கை வெளிப்பக்கம் அதிகமாக வளைவது. டேக்கிகார்டியா என்றால் நாடித் துடிப்பு அதிகம். வேக்ஸ் என்றால் வெறும் காது அழுக்கு. ஒரு சீட்டில் இரண்டு மூன்று காரணம்கூட இருக்கும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள்.

ரிவ்யூவுக்கு எத்தனை நாளுக்குள்ள போகணும்?

அக்னிவீர் அறிவிக்கைகளில் பொதுவாக இருப்பது இது: சீட்டில் குறிப்பிட்ட ராணுவ மருத்துவமனைக்கு ஐந்து நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். அங்கே நிபுணர் பார்த்து வழக்கமாகப் பதினான்கு நாட்களுக்குள் முடிவு சொல்வார். அதற்கு மேல் அந்த ஆண்டுத் தேர்வில் இன்னொரு ரிவ்யூ கிடையாது. ‘பொங்கல் கழிச்சுப் போறேன்’ என்பதெல்லாம் நடக்காது. அட்மிட் கார்டு, ஆதார், ரிவ்யூ சீட்டு, பழைய மருத்துவக் காகிதங்கள் எல்லாம் அசலாகக் கையில் இருக்கட்டும்.

எஸ்.எஸ்.பி. வழியாக அதிகாரி ஆகப் போகிறவர்களுக்கு விதி வேறு. முதல் போர்டில் அன்ஃபிட் என்றால் 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மெடிக்கல் போர்டுக்குப் போகலாம். அதிலும் தவறினால் ரிவ்யூ போர்டு கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது. அக்னிவீர் பையன்கள் இதைக் கேள்விப்பட்டு ‘எனக்கும் 42 நாள் இருக்கு’ என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த 42 நாள் இல்லை.

வெளியில பெரிய டாக்டர்கிட்ட ஃபிட்னு சர்டிபிகேட் வாங்கியிருக்கேன். அதைக் காட்டினா ஏத்துப்பாங்களா?

அதைக் காட்டினாலும் முடிவு சொல்வது ராணுவ நிபுணர்தான். வெளியே இருக்கும் டாக்டர் பொய் சொல்லவில்லை. ‘இந்தப் பையன் ஆரோக்கியமாக வாழ்வானா’ என்று கேட்டால் ஆம் என்கிறார், அவ்வளவுதான். ராணுவம் கேட்கிற கேள்வி வேறு என்று முதல் பதிலில் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் வெளியே ஒரு முறை காட்டுவது நல்லது. அரசு மருத்துவமனையில் அந்தந்தப் பிரிவு நிபுணரிடம் சீட்டைக் காட்டி, ‘இது சரியாகிற விஷயமா, எத்தனை மாதம் ஆகும்’ என்று மட்டும் கேளுங்கள். சர்டிபிகேட் வாங்குவதைவிட அந்தப் பதில்தான் உங்களுக்குப் பயன்படும்.

எது சரியாகும், எது ஆகாது? நேரா சொல்லுங்க.

காது அழுக்கு, சொத்தைப் பல், எடை கூடுதல் குறைவு ஆகியவை எல்லாம் முகாமுக்கு முன்பே சரிசெய்திருக்க வேண்டியவை. பல்லுக்குப் புள்ளி போட்டு எண்ணுவார்கள், மொத்தம் குறைந்தது 14 புள்ளி வேண்டும். ஒரு பல் போனதற்காக யாரும் தள்ளுவதில்லை, பல கடைவாய்ப்பற்கள் போனால்தான் சிக்கல். மூலம், குடலிறக்கம், ஓதம், வேரிகோசீல், மூச்சை அடைக்கும் அளவு மூக்குத் தண்டு வளைவு இவற்றுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. ஆனால் தையல் பிரித்த மறுநாள் போய் நிற்க முடியாது. ஆறி, சில மாதங்கள் கழிந்தபிறகுதான் ஏற்பார்கள். அதனால் ரிவ்யூவுக்கு நாலு நாள் இருக்கும்போது அவசரமாக ஆபரேஷன் செய்துகொள்வதில் அர்த்தமில்லை. அடுத்த ஆண்டை மனதில் வைத்துச் செய்யுங்கள், அதுவும் வயது இடம் கொடுத்தால்.

தட்டைப் பாதத்தில் இரண்டு வகை. காலை நனைத்து சிமெண்டுத் தரையில் வைத்துப் பாருங்கள், உள்வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதியும். இப்போது நுனிவிரலில் எழுந்து நில்லுங்கள். பின்னால் நிற்பவருக்கு உள்வளைவு தெரிந்தால், வலியும் இல்லாமல் நுனிக்காலில் குதிக்க முடிந்தால், அது இளகிய பாதம். இதை ஃபிட் என்று சொல்ல இடமுண்டு, ரிவ்யூவில் கேட்கத் தகுந்த விஷயம். எழுந்து நின்றும் வளைவு வரவில்லை என்றால் அது இறுகிய பாதம். அதற்காக ரிவ்யூவில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

நிறக்குருடு, எலும்பின் அமைப்பு, பழைய பெரிய எலும்பு முறிவில் வைத்த பிளேட், இதயக் கோளாறு, வலிப்பு, இவை ஆகாத பட்டியல். எதைப் போராடலாம், எதை விடலாம் என்று முதல் வாரத்திலேயே பிரித்துவிட்டால் பல மாத அலைச்சல் மிச்சம்.

முட்டி தட்டுது. தொடைக்கு நடுவுல தலையணை வச்சுக் கட்டிட்டுத் தூங்கினா சரியாகும்னு வீடியோவுல சொல்றாங்களே?

ஆகாது. பதினெட்டு பத்தொன்பது வயதில் எலும்பு வளர்ந்து முடிந்திருக்கும். தலையணையும் எண்ணெய் உருவுதலும் எலும்பின் கோணத்தை மாற்றாது. முட்டி இரண்டும் தொட நிற்கும்போது உள்கணுக்கால்களுக்கு நடுவே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்பதுதான் அளவு. 5 சென்டிமீட்டருக்குள் என்றால் பொதுவாகச் சிக்கலில்லை.

ஒரு விஷயம் மட்டும் செய்யலாம். தொடையில் சதை அதிகம் இருப்பவர்களுக்கு முட்டி முன்கூட்டியே தொட்டுவிடும். எடை குறைந்தால் ஓரளவு இடைவெளி குறையும். எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு அது உதவும். எலும்பை வெட்டி நேராக்கும் ஆபரேஷன் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளே பிளேட்டும் ஸ்குரூவும் இருந்தால் அதுவே அன்ஃபிட்டுக்குக் காரணம் ஆகும்.

நிறக்குருடுன்னு சொல்லிட்டாங்க. புக்கை மனப்பாடம் பண்ணிட்டுப் போனா?

புள்ளிகளுக்கு நடுவே எண் தெரியும் அந்த இஷிஹாரா புத்தகத்தை மனப்பாடம் செய்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தை மாற்றிக் காட்டுவார்கள், தலைகீழாகக்கூடக் காட்டுவார்கள். சந்தேகம் வந்தால், கலர் விளக்கைக் காட்டி நிறம் கேட்கும் லாந்தர் சோதனையும் உண்டு. கலர் லென்ஸும் ஸ்பெஷல் கண்ணாடியும் போட்டுப் போவது தகுதி நீக்கத்தில்தான் முடியும்.

பிறவியிலேயே வரும் நிறக்குருடுக்கு மருந்து கிடையாது. தாய் வழியாக வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் கோளாறு இது, அதனால்தான் ஆண்களிடம் அதிகம். இதைச் சொன்னதும் வீட்டில் அம்மாவைக் குற்றம் சொல்ல ஆரம்பிப்பார்கள். அம்மாவுக்கே தெரியாத விஷயம் அது. தம்பி இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள், அவனாவது வேறு இலக்கு வைத்துக்கொள்ளலாம்.

டாட்டூ இருக்கு. அழிச்சா எடுத்துப்பாங்களா?

முன்கையின் உட்புறம், அதாவது முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் புறங்கையில் இருந்தால் அனுமதி. மற்ற இடங்களில் நிரந்தரமாகக் குத்தியது ஆகாது. மரபுப்படி பச்சை குத்தும் பழங்குடியினருக்குத் தனிச் சலுகை இருக்கிறது. லேசரில் அழிப்பதற்கு மாதங்கள் பிடிக்கும், தழும்பும் தெரியும்.

வீட்டுல பிபி நார்மல். அங்க போனா மட்டும் ஏறுது.

வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஏறுகிற பிபி என்று டாக்டர்களே சொல்வார்கள். ரிவ்யூவில் ஒரே தடவை பார்த்து முடிவு செய்வதில்லை, தேவைப்பட்டால் தங்கவைத்துப் பலமுறை எடுப்பார்கள். முந்தின இரவு பஸ்ஸில் முழித்துக்கொண்டு வந்து, வாசலில் இரண்டு டீயும் ஒரு எனர்ஜி டிரிங்கும் குடித்துவிட்டு நின்றால் நாடி நூறைத் தாண்டத்தான் செய்யும். ஒருநாள் முன்னதாகப் போய்த் தூங்குங்கள். ஓட்டத்துக்காக யாரோ கொடுத்த மாத்திரை ஊசி எதுவும் வேண்டாம்.

மூணு லட்சம் கொடுத்தா மெடிக்கல் கிளியர் பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். ஆகலைன்னா பணம் வாபஸாம்.

அந்த ‘வாபஸ்’தான் தந்திரமே. பத்துப் பையன்களிடம் வாங்குவார். அதில் மூன்று நான்கு பேர், காது அழுக்கும் பிபியும் காரணமாக இருந்தவர்கள், ரிவ்யூவில் தானாகவே ஃபிட் ஆவார்கள். அவர்கள் பணத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ‘நாணயமான ஆள்’ என்று ஊரே சொல்லும். அவர் எந்த டாக்டரையும் பார்த்திருக்கவே மாட்டார்.

பணத்தோடு பத்தாம் வகுப்பு அசல் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொள்வது இவர்கள் வழக்கம். அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். நாளைக்கு நீங்கள் எழுதப்போகும் எந்த அரசுத் தேர்வுக்கும் போலீஸ் சரிபார்ப்பு உண்டு என்பதையும் யோசியுங்கள்.

ஒரு தடவை அன்ஃபிட் ஆனா அடுத்த வருஷம் போகக் கூடாதா? போனா பழசை மறைச்சிடலாமா?

போகலாம். வயது வரம்பு பதினேழரையில் தொடங்கும், மேல் வரம்பை அந்த ஆண்டு அறிவிக்கையில் பாருங்கள். அதற்குள் இருந்தால் புதிதாக விண்ணப்பித்து எல்லாக் கட்டத்தையும் மறுபடி தாண்ட வேண்டும். சரியாகும் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் இது பயன். இறுகிய பாதத்தோடு மூன்று வருஷம் தொடர்ந்து போய் வந்த பையன்கள் உண்டு. அந்த மூன்று வருஷத்தில் வேறு எந்தத் தேர்வுக்கும் அவர்கள் விண்ணப்பம்கூடப் போடவில்லை.

மறைப்பதைப் பொறுத்தவரை: வலிப்பு, ஆஸ்துமா, பழைய ஆபரேஷன் பற்றிக் கேட்டு உங்களிடமே கையெழுத்து வாங்குவார்கள். பயிற்சியில் வெளிப்பட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், உயிருக்கே ஆபத்தும் ஆகலாம்.

ஆர்மி இல்லைன்னா நேவி, சி.ஆர்.பி.எஃப்., போலீஸ்... அங்கயாவது போகலாமா?

காரணத்தைப் பொறுத்தது. நிறக்குருடு, முட்டி, இறுகிய பாதம் என்றால் மத்திய ஆயுதப் படைகளிலும் அதே சுவரில்தான் முட்டுவீர்கள். அங்கும் விரிவான மெடிக்கலும் ரிவ்யூ மெடிக்கலும் இருக்கின்றன. தமிழ்நாடு காவல்துறைத் தேர்விலும் எழுத்து, உடல்தகுதிக்குப் பிறகு மருத்துவச் சோதனை உண்டு. காரணம் டாட்டூ போன்றதாக இருந்தால் அந்தந்த அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள், படைக்குப் படை விதி மாறும்.

சீருடைக்கு வெளியே வந்தால் வழி அகலம். ரயில்வேயில் ஏ-1இலிருந்து சி-2 வரை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. ரயில் ஓட்டுகிறவருக்குக் கண் மிகக் கறாராகப் பார்ப்பார்கள், சி-2இல் வரும் அலுவலக வேலைகளுக்கு அந்தக் கறார் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் இளநிலை உதவியாளர், வி.ஏ.ஓ. பதவிகளுக்கு ஓட்டமும் இல்லை, மார்பளவும் இல்லை. கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. ராணுவத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை என்றால், ஐ.டி.ஐ. முடித்து ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை போன்ற இடங்களில் அப்ரெண்டிஸ் அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். ராணுவப் பொறியியல் பணிப் பிரிவான எம்.இ.எஸ்.ஸில் சிவிலியன் பணிகளும் வரும். ஆன்லைன் தேர்வுக்குப் படித்த கணக்கும் பொது அறிவும் இவை எல்லாவற்றுக்கும் அப்படியே உதவும்.

ஊருக்குள்ள தலைகாட்ட முடியல. எல்லாரும் ‘என்னாச்சு’ன்னே கேக்கறாங்க.

எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர், ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்தவர். அப்படிப்பட்ட ஊர்களில் இந்தக் கேள்வி தினமும் கிழிக்கும், அது எனக்குத் தெரியும். தேர்வு பாஸ் ஆனதுமே நண்பர்கள் பேனர் அடித்து மாட்டியிருந்தால் இன்னும் கஷ்டம். (மெடிக்கல் முடியும்வரை பேனர் வேண்டாம் என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன், யார் கேட்கிறார்கள்.)

ஒரே வரியில் பதில் தயாராக வைத்திருங்கள்: ‘மெடிக்கல்ல காலுக்காகத் தள்ளிட்டாங்க மாமா, இப்ப குரூப் 4க்குப் படிக்கிறேன்.’ காரணத்தையும் சொல்லி, அடுத்ததையும் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் கேள்வி நீளும். விரைப்பை சம்பந்தமான காரணம் என்றால் ‘சின்ன ஆபரேஷன் பண்ணணும்’ என்றால் போதும், எல்லாருக்கும் எல்லாமும் தெரிய வேண்டியதில்லை.

காலையில நாலு மணிக்குத் தானா முழிப்பு வந்துடுது. எதுக்கு எழுந்திருக்கணும்னு நெனச்சா அழுகை வருது.

மூன்று நான்கு வருஷம் சாப்பாடு, தூக்கம், தலைமுடி வெட்டு எல்லாம் ஒரே இலக்குக்காக நடந்திருக்கிறது. அது போனதும் நாள் முழுக்க வெறுமையாகத் தெரிவது இயல்பு. இரண்டு மூன்று வாரம் அழுதால் அழுங்கள். ஓட்டத்தை மட்டும் அடியோடு நிறுத்தாதீர்கள், இதய, எலும்புப் பிரச்சினைக்காக டாக்டர் தடுத்திருந்தாலொழிய. பழகிய உடம்பு சும்மா கிடந்தால் மனசு இன்னும் கெடும். ‘பார்ட்டி’ என்று சாராயத்தை நீட்டும் கூட்டாளிகளைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் தனியாக இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். போன் செய்தால் வேலை போய்விடும், ரெக்கார்டு ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள்.

தம்பி, என் புள்ள ரூமை விட்டே வெளிய வரமாட்டேங்குறான். நாங்க என்னத்தப் பேசறது?

அம்மா, முதலில் பேசவே வேண்டாம். சாப்பிட மட்டும் கூப்பிடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’, ‘எல்லையில போய் என்ன பண்ணப் போற’, ‘அப்பவே சொன்னேன்’ இந்த மூன்றும் வேண்டாம். அகாடமிக்குக் கட்டிய பணத்தைப் பற்றி இப்போது எடுக்கவே எடுக்காதீர்கள். திருப்பூர் கம்பெனிக்கு மாமா கூப்பிடுகிறார் என்று மறுவாரமே பெட்டி கட்டாதீர்கள், அவனே ஒரு மாதத்தில் கேட்பான். ஷூவையும் டிராக் பேண்ட்டையும் தூக்கிப் போட வேண்டாம். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

நாலு வருஷ வேலைதானே, போகாததே நல்லதுன்னு சொல்றாங்க. அது உண்மையா?

கணக்கு உண்மை. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் நாலு வருஷம் முடிந்ததும் 25 சதவீதம் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற பெயரில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் மொத்தத் தொகையோடு வெளியே வருவார்கள். ஆக, உங்களோடு ஓடித் தேர்வான நண்பனும் இருபத்தி மூன்று இருபத்தி நாலு வயதில் உங்களைப் போலவே வேலை தேடி நிற்கலாம்.

ஆனால் ஆறுதலுக்காக இதைச் சொல்கிறவர்களை நம்பி, ஆசைப்பட்ட ஒன்றை இகழ வேண்டாம். நீங்கள் ஆசைப்பட்டது உண்மையான ஆசை. கிடைக்கவில்லை, வருத்தம் நியாயம். இந்தக் கணக்கை, அவனுக்கு முன்னால் உங்களுக்கு நாலு வருஷம் கிடைத்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்ஃபிட்னா எனக்கு வியாதியா? கல்யாணத்துக்கு ஏதாவது பிரச்சினை வருமா?

பெரும்பாலான காரணங்கள் வியாதியே இல்லை. தட்டைப் பாதத்தோடும் நிறக்குருடோடும் எண்பது வயது வரை சுகமாக இருக்கலாம். வேரிகோசீல் ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இருப்பது, பலருக்குத் தெரிவதுகூட இல்லை, பிள்ளையும் பெற்றிருக்கிறார்கள். வலி இருந்தாலோ விரை சுருங்கினாலோ டாக்டரைப் பாருங்கள்.

சிலவற்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. இதயத்தில் மர்மர் சத்தம், சிறுநீரில் புரதம் அல்லது சர்க்கரை, செவிப்பறையில் ஓட்டை, உண்மையாகவே இருக்கும் பிபி. ‘ஆர்மிதான் போச்சே’ என்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இவற்றைப் பார்க்காமல் விட்டால் முப்பது வயதில் வந்து நிற்கும். அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

ரிவ்யூவிலயும் அன்ஃபிட். கோர்ட்டுக்குப் போகலாமா?

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இரண்டு அரசு மருத்துவக் குழுக்களின் கருத்து நேருக்கு நேர் மோதும்போது, புதிதாக ஒரு போர்டு வைத்துப் பாருங்கள் என்று நீதிமன்றங்கள் சில நேரம் சொல்லியிருக்கின்றன. மற்றபடி டாக்டர்கள் சொன்னதை நீதிபதிகள் எளிதில் மாற்றுவதில்லை. உங்கள் காரணம் அளவைப் பற்றியதா (பிபி, இளகிய பாதம், 5 சென்டிமீட்டருக்கு அருகில் நிற்கும் முட்டி), அல்லது யாரும் மறுக்க முடியாததா (நிறக்குருடு, பிளேட்) என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகைக்கு வக்கீல் பீஸ் வீண்.

முதல் வகை என்றால் சீட்டு, ரிவ்யூ முடிவு, அரசு மருத்துவர் அறிக்கை மூன்றையும் தேதியோடு எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் போங்கள். வழக்கு நடக்கும்போதும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் ரயில்வே, குரூப் 4 விண்ணப்பங்களை நிறுத்த வேண்டாம்.